ஹாரன்காரரின் கை

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஹாரன்காரர் என்றால்தான் தெரியும். வண்டியோடு வருகிற ஹாரன் கொசு மாதிரி கத்துகிறது என்று அலுத்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பெரிய ஹாரனாக மாட்டி, திருகாணியைத் திருகிச் சுதி சேர்த்து அனுப்புவார். வாழ்நாள் முழுக்கக் காதுப்பக்கம் அலறவிட்டால் காது என்ன இரும்பிலா செய்தது? போன வருஷத்தோடு போயே போய்விட்டது.

அதை மனிதர் காதும் காதும் வைத்த மாதிரி மறைத்தார். வருகிறவர்களின் உதட்டைப் பார்ப்பார். பிடிபடாவிட்டால், "ரோட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, இன்னொருதரம் சொல்லுங்க" என்பார். ரோடு காலியாகக் கிடக்கும். ஹாரனைச் சோதிக்கவும் ஒரு வழி வைத்திருந்தார். பட்டனை அமுக்கிக்கொண்டு வண்டியின் ஃபிரேமில் கையை வைப்பார். அதிர்வு நன்றாக ஏறினால் சத்தமும் நன்றாக இருக்கிறது என்று கணக்கு. மகளுக்குத் தெரிந்தால் கடையை மூடு என்பாள். மூடிவிட்டு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்குச் செத்தே போகலாம் என்று நினைத்தார்.

அந்த மகளே ஒரு காலையில் வந்து நின்றாள். நெடுந்தூரம் ஓட்டுகிற பெரிய பைக், இரண்டு பக்கமும் பெட்டி.

"தனியா மலைப்பக்கம் போறேன்ப்பா. வளைவுல வர்ற லாரிக்காரனுக்கு என் ஹாரன் கேக்கவே மாட்டேங்குது. உருப்படியா ஒண்ணு மாட்டிக் குடு."

பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, முன்பக்கம் புது ஹாரனை இறுக்கி மாட்டினார். அமுக்கினார். கையில் ஜிவ்வென்று ஏறியது.

"எப்படி? அலறுதுல்ல?" என்று பெருமையாகச் சிரித்தார்.

மகள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ஐயோ, போதும்ப்பா! காது கிழியுது."

அவள் ஏறி உட்கார்ந்து ஹெல்மெட்டை எடுத்தபோதுதான் அவர் கவனித்தார். முன்சக்கரத்தை ஒட்டி ஒரு தெருநாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மறுபடி அமுக்கினார். நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் கடை பிழைக்கும். பெண் கிளம்பிப் போய்விடுவாள், அந்த வளைவுக்கு.

சாவியை உருவிக்கொண்டார். "இறங்கு. சத்தம் சரியா வரல, இல்ல?"

"தொண்டை கட்டின மாதிரி முனகுதுப்பா" என்றாள் மெதுவாக. அவருக்குக் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "போற வழியில வேற எங்கயாவது சரி பண்ணிக்கலாம்னு... உன் மனசு நோகக்கூடாதுன்னுதான்..."

"என் மனசு நோகாம இருக்க நீ லாரியில மாட்டணுமா, பைத்தியக்காரி?"

குனிந்து பார்த்தார். ஹாரனின் முதுகு ஃபிரேமோடு ஒட்டி இறுகியிருந்தது. எங்கும் படாமல் தன் இரும்புப் பட்டையில் தனியாகத் தொங்கினால்தான் ஹாரன் வாய் திறக்கும். பட்டால் சத்தம் செத்து, அதிர்வெல்லாம் ஃபிரேமில் ஏறிவிடும். தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்வது இது. கையை நம்பி நம்பி, கைக்கு ஏறுகிற மாதிரியே மாட்டப் பழகியிருந்தார், பாவி மனிதர்.

ஸ்பேனரை மகளிடம் கொடுத்தார். "நீயே கேட்டுக் கேட்டு மாட்டும்மா."

அவள் தளர்த்தி, தள்ளி வைத்து, அமுக்கினாள். நாய் விழுந்தடித்து ஓடியது.

"சரியாயிடுச்சுப்பா. வருத்தப்படாத."

அவர் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இழுத்தார். அவள் இன்னும் மூடச் சொல்லவே இல்லை. தெருவில் ஒரு பைக் போயிற்று. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த வருஷம் பூரா இப்படித்தானேம்மா மாட்டி அனுப்பினேன்" என்றார். "அவங்கள்லாம் எந்த வளைவுல நின்னு அமுக்கிட்டு இருக்காங்களோ."