நான் சொல்லாமல் விட்ட பாதி

என் அண்ணிக்குக் கன்னம் இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும். அதுதான் அவளுக்கு வினையாக வந்தது. நோயாளி என்றால் வெளுத்து, வற்றி, பாயில் கிடக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தக்காளிப் பழம் மாதிரி இருந்துகொண்டு, இரண்டு குடம் தண்ணீர் சேந்தியதுமே கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கினால் யார் நம்புவார்கள்? அம்மா நம்பவில்லை. நைனா நம்பவில்லை. நான் நம்பாததோடு நிற்காமல், அவள் மூச்சு வாங்குவதை நடித்துக் காட்டி அக்கம்பக்கத்துப் பெண்களைச் சிரிக்க வைத்தேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. வயதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பதினெட்டில் எல்லாம் தெரியும்.

"மகாராணி கொலுவுல குந்திட்டாங்க" என்பேன். அண்ணியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரிப்பதற்கும் அவளுக்கு மூச்சு வாங்கும்.

அவள் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அண்ணனுக்குப் பாகாலாவில் ரயில்வே வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். மீதி ஆறு நாளும் அவள் எங்கள் கையில்தான். எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே. ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எல்லைக் கோட்டை எங்கே போடுவார்கள் என்பதே அப்போது ஊரில் பேச்சு. எங்கள் வீடு ஒரு கிராமத்தில், கிணறும் நிலமும் கூப்பிடு தூரத்தில் அடுத்த கிராமத்தில். கோடு நடுவில் விழுந்தால் ஒரு ராஜ்யத்தில் சோறு துன்னு, இன்னொரு ராஜ்யத்தில் ஏர் ஓட்ட வேண்டும் என்று நைனா புலம்புவார். வீடும் கிணறும் ஒரே பக்கம் நின்றுவிட்டால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் நடந்தே திருமலை ஏறுகிறோம் என்று வேண்டிக்கொண்டார். அத்தனை பேரும் என்று அவர் சொன்னதை அன்றைக்கு நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டது. தாலூகா ஆபீஸிலிருந்து காகிதம் வந்தால் நைனா என்னைத்தான் கூப்பிடுவார். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

ஒரு நாள் அண்ணி கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். ஊர் வாய்க்குப் பயந்து, சித்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். கோதாவரிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். அவருக்குத் தமிழ் வராது. அண்ணிக்குத் தெலுங்கு வராது என்று பேச்சுக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள்.

டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டதும், வந்தது என்றாள். பிறகு என்னைப் பார்த்துத் தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். இருதயத்தில் ஒரு வழி சுருங்கிப் போயிருக்கிறது. கன்னச் சிவப்பும் அதனால் வந்ததுதான். "மெட்லு எக்ககூடது. பருவு மோயகூடது" என்று இரண்டு தடவை சொன்னார். படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. டானிக் ஒன்றும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அண்ணி என் முகத்தைப் பார்த்து, "இன்னா சொன்னாரு?" என்றாள்.

நான் யோசித்தது இதுதான்: பாரம் தூக்கக்கூடாது என்றால் அத்தனை குடமும் என் தலையில். இனி இவள் உட்கார்ந்தால் எழுப்ப முடியாது. டாக்டரே சொல்லிவிட்டார் என்று ஆகிவிடும்.

"ஒடம்பு பலவீனமாம். டானிக் எழுதிக் குடுத்துகீறாரு" என்றேன்.

பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டிலும் அந்தப் பாதியையே சொன்னேன். அம்மாவுக்குச் சந்தோஷம். "அதான் நான் அப்பவே சொன்னேனே" என்றாள்.

கொஞ்ச நாளில் எல்லை முடிவானது. வீடும் கிணறும் ஆந்திராவிலேயே ஒன்றாக நின்றுவிட்டன. நைனா நிலத்தில் நின்று அழுதார். வருகிற சனிக்கிழமை மலை ஏறுகிறோம் என்றார்.

மலையடிவாரத்தில், அலிபிரியில், முதல் படியில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது, லீவு போட்டு வந்திருந்த அண்ணன்தான் கேட்டான்: "இவ பஸ்ஸுல வரட்டுமே நைனா?"

"எல்லாரும்னு வேண்டிக்கினேன். அவ ஊட்டு ஆளு இல்லியா?" என்றார் நைனா. அம்மா அதற்கு மேலே போனாள். "கெயவிங்க ஏறிக்கினு போவுதுங்க. இவளுக்கு இன்னா கேடு?"

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். இப்போது சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. நான் குனிந்து படிக்கு மஞ்சள் தடவினேன்.

ஏறினோம். அவள் பத்துப் படிக்கு ஒரு தரம் நின்றாள். நிற்கும்போதெல்லாம் பின்னால் வந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள். பரிதாபம் தேடுகிறாள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. "பார்த்தது போதும், நட அண்ணி" என்று ஒரு தடவை முதுகில் கைவைத்துத் தள்ளினேன். மெதுவாகத்தான் தள்ளினேன். இத்தனை வருஷம் கழித்தும், ரவிக்கைத் துணிக்கு அடியில் அவள் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது என் உள்ளங்கையில் இருக்கிறது.

பாதி வழியில் இருக்கிற காலி கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவள் உட்கார்ந்தாள். இருமினாள். முந்தானையில் ரத்தம் கலந்த நுரை. அண்ணன் அலறினான். டோலிக்காரர்கள் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். படியேறி வந்தவர்கள் கோவிந்தா போட்டபடி ஒதுங்கி வழிவிட்டார்கள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள். இருதய நோய் என்று அங்கே டாக்டர் சொல்லித்தான் வீட்டுக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் நான் தனியாக அவள் பக்கத்தில் இருந்தேன். அழுதேன். சித்தூரில் டாக்டர் சொன்னதை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

"மெட்லுன்னா படின்னு எனக்குத் தெரியாதா பாப்பா? மூணு வருசமா இந்த ஊர்ல கீறேன். அவரு சொன்னது அப்பவே புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் அண்ணி நீ சொல்லல?"

"நான் சொன்னா சாக்குன்னுவாங்க. நீ இந்த ஊட்டுப் பொண்ணு, நீ சொன்னா நம்புவாங்க. இப்பச் சொல்லுவே, இப்பச் சொல்லுவேன்னுதான் ஒவ்வொரு படியிலயும் உன்னைத் திரும்பிப் பார்த்துக்கினே வந்தேன்."

அந்த நேரம் பார்த்து நைனாவும் அம்மாவும் உள்ளே வந்தார்கள். நைனாவுக்கு முகமே இல்லை. மருமகளின் கால்மாட்டில் நின்று, "அந்தச் சித்தூர் டாக்டரு மட்டும் ஒயுங்கா பார்த்திருந்தா இந்தப் புள்ளைய நான் ஏத்தியிருப்பேனா? அவன் படிச்ச படிப்புல மண்ணு விய!" என்றார்.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். படியில் பார்த்த அதே பார்வை. இப்போது எனக்கு அதன் அர்த்தம் தெரியும்.

நான் கூஜாவை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போனேன்.

அதற்குப் பிறகு அவள் ஒன்பது வருஷம் இருந்தாள். அவளை ஒரு குடம் தண்ணீர்கூடச் சேந்த நான் விடவில்லை. பஸ்ஸில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "நல்லாதானே கீறே, எழுந்திரேம்மா" என்று யாராவது சொன்னால் சண்டைக்கே போவேன். நாத்தனார் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே சொன்னது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் செத்துப்போகலாம் போலிருக்கும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. நைனா சாகிறவரைக்கும் அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டே இருந்தார். அண்ணி இருந்தவரை, அவர் திட்ட ஆரம்பித்ததும் என்னை ஒரு தரம் பார்ப்பாள்.

இப்போது அவர்கள் யாரும் இல்லை. அந்த டாக்டர் சரியாகத்தான் பார்த்தார், நைனா. இரண்டு தடவை சொன்னார்.