எட்டுப் பேரும் நலம், சார்

மச்சி, உயிரோடு இருந்தபோது உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இப்போதும் மச்சிதான்.

ஒன்பதாம் வகுப்பில் நம்மைச் சாரணர் தலைமைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். அடையாறில் ஒரு பள்ளி மைதானம், மூன்று நாள். எட்டு எட்டுப் பேராக அணி பிரித்தார்கள். நம் அணிக்கு நான் தலைவன், நீ துணைத் தலைவன்.

தினமும் காலையில் கொடியேற்றியதும் பரிசோதனை நடக்கும். அணித் தலைவன் ஓரடி முன்னால் வந்து சல்யூட் அடித்து, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை என்று நம் பள்ளிச் சாரணர் சாரிடம் சொல்ல வேண்டும். அவன் சொன்னால் அதுதான் கணக்கு. வேறு யாரும் வந்து தொட்டுப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாம் நாள் வரிசையில் நிற்கும்போது நீ என் காதருகே வந்தாய்.

"மச்சி, ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்டா மாதிரி கீதுடா. கண்ணுக்குப் பின்னாடி வலிக்குது."

நெற்றியைத் தொட்டேன். சுட்டது. அன்றைக்குத்தான் மூங்கிலும் கயிறும் வைத்து வாசல் வளைவு கட்டும் போட்டி. நீ நொச்சிக்குப்பத்துப் பையன், வலையோடு வளர்ந்தவன். உன் கை போட்ட முடிச்சு அவிழாது.

"நீ இல்லாட்டி எவன்டா முடிச்சு போடுவான்? இவனுங்களுக்கு ஷூ லேஸே கட்டத் தெரியாது."

"அப்ப லீடரு நீயா நானா?" என்று சிரித்தாய்.

"பேருக்குத்தான்டா நானு. இன்னிக்கு ஒரு நாள் தாங்கு நைனா."

"சரி சரி, போய் சல்யூட் அடி. சார் மொறைக்கிறாரு பாரு."

ஓரடி முன்னால் போனேன். "எட்டுப் பேரும் நலம், சார்." சார் வரிசையைப் பார்த்தார். நீ விறைப்பாக நின்றாய்.

வெயிலில் மதியம் வரை கட்டினாய். நமக்குத்தான் முதலிடம். மறுநாள் கிளம்பும்போது, "வீட்ல சொல்லிக்காதடா, அடுத்த கேம்ப்புக்கு உட மாட்டாங்க" என்று சொன்னதும் நான்தான். நீ சொல்லவில்லை. யாரிடமோ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாய்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாரும் நானும் பார்க்க வந்தோம். டாக்டர் உன் அம்மாவிடம், "காய்ச்சல் என்னிக்கு ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"நேத்து சாயங்காலம்தான் சார்."

எனக்குத் தெரியும், அது நாலாவது நாள். சார் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிந்துவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய். காட்டிக்கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் நீ இல்லை. டெங்கு என்றார்கள். அந்தக் காய்ச்சலில் எத்தனையாவது நாள் என்று பார்த்துத்தான் வைத்தியம் செய்வார்களாம், பிறகு கேள்விப்பட்டேன். நான் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியாது. யாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறம் சாரணர் உடுப்பை நான் போடவில்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடமும் நின்றது. இப்போது தி.நகரில் ஒரு மெக்கானிக் கடையில் இருக்கிறேன். போன மாதம்தான் உன் அம்மாவிடம் போனேன். ரோட்டோரம் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி நின்றது.

"அன்னிக்கு அவன் சாப்ட்டானா?"

"இல்லம்மா. அவன் இட்லியையும் நான்தான் துன்னேன்."

யாரோ மீன் விலை கேட்டார்கள். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ போ. இப்ப போயிடு" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாதா கோயிலோ அம்மன் கோயிலோ தர்காவோ, நீங்கள் போகிற இடத்தில் என் நண்பனுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அவன் அம்மாவுக்காகவும்.