ஃபெஸ்டியின் கண்

மாஸ்க் ஏரியின் மேற்குக் கரையில், எட்டு மாடும் எவ்வளவு பொறுக்கினாலும் கல் தீராத நான்கு வயலும் வைத்துக்கொண்டு ஹெனஹன் சகோதரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவன் ஃபெஸ்டி, இளையவன் மலக்கி. இருவருக்கும் கல்யாணமாகவில்லை. அம்மா போன பிறகு அடுப்பு மலக்கியின் பாடு, மாடு ஃபெஸ்டியின் பாடு என்று பேசி வைக்காமலே பிரிந்துபோனது.

நவம்பரில் பிடிக்கும் மழை பிப்ரவரி வரை விடாது. அந்த நான்கு மாதமும் அடுக்களை மேசையில் இரும்பு இடுக்கியைத் திருகி மாட்டி, அதன் வாயில் தூண்டில் முள்ளைக் கவ்வவைத்து, மீனை ஏமாற்றும் பொய் ஈக்களை இருவரும் கட்டுவார்கள். முள்ளின் தண்டில் மஞ்சள் பட்டு நூலைச் சுற்றி, முயல் காதின் ரோமத்தை மெழுகோடு முறுக்கி உடம்பாக்கி, சேவலின் கழுத்து இறகைச் சுற்றி நிமிர்த்திவிட்டால் போதும், தண்ணீரில் விழும்போது ட்ரவுட் மீனுக்கு அது நிஜ ஈதான். ஃபெஸ்டிக்கு அந்தக் கைவாகு இருந்தது. மலக்கி கட்டியது மூன்றாவது மீனுக்குப் பிரிந்துவிடும். அந்தக் கழுத்து இறகைப் பிடுங்கவே சேவல் வளர்த்தார்கள். தபால் கொண்டுவரும் டீலியா ஒருநாள் முற்றத்தில் நின்று, "உங்க சேவல் காலரைத் தொலைச்ச பாதிரியார் மாதிரி நிக்குது, பாவம்" என்றாள். ஃபெஸ்டி அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

1958 மே மாதம் ஏரியிலிருந்து ஈக்கள் மேகம்போல எழும்பிய மூன்றாம் நாள், இருவரும் படகில் போனார்கள். ஒரு படகில் இரண்டு பேர் தூண்டில் போட்டால் ஆளுக்குப் பாதித் தண்ணீர். அடுத்தவன் பாதிக்குள் வீசக்கூடாது. சின்ன வயதிலிருந்தே அவர்கள் மீறாத வழக்கம் அது. அன்று ஃபெஸ்டியின் பக்கத்தில் ஒரு பெரிய மீன் முதுகைக் காட்டிப் புரண்டது. ஃபெஸ்டி குனிந்து நூல் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தான். மலக்கிக்குப் பொறுக்கவில்லை. தூண்டில் கோலைப் பின்னால் வீசி, அண்ணனின் தலைக்கு மேலே முன்னால் சொடுக்கினான். காற்று அந்த நொடியில் திரும்பியது. ஃபெஸ்டியும் நிமிர்ந்தான்.

முள் போய்த் தைத்தது. "மலக்கி, இழுக்காத" என்று மட்டும் ஃபெஸ்டி சொன்னான்.

மலக்கி நூலைக் கத்தியால் அறுத்தான். இரண்டு மைல் எதிர்காற்றில் துடுப்புப் போட்டான். எதிரே ஃபெஸ்டி உள்ளங்கையைக் குழித்து முகத்தின் இடது பக்கத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரலிடுக்கில் மஞ்சள் இறகு தெரிந்தது. அது ஃபெஸ்டியே கட்டிய ஈ. மலக்கி, தான் கட்டியது நிற்காது என்று, காலையில் அண்ணன் பெட்டியிலிருந்து கேட்காமல் எடுத்தது.

நகரத்து ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்தார்கள். பார்வை போய்விட்டது. ஆனால் கண் முகத்திலேயே இருந்தது, கலங்கிய பால்போல. அறுவை மருத்துவர் இருவரையும் உட்காரவைத்து, ஒளிக்காமல் சொன்னார். இப்படிக் குத்துப்பட்ட கண் உள்ளே இருந்தால் சிலருக்கு நல்ல கண்ணையும் கெடுத்துவிடும். பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. யாருக்கு வரும் என்று முன்னால் சொல்ல வழியில்லை. இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிடுவதே நல்லது என்பது தன் எண்ணம் என்றார். முடிவை அவர்களிடம் விட்டுவிட்டுப் போனார்.

"நீ என்ன சொல்ற?" என்று ஃபெஸ்டி கேட்டான்.

மலக்கிக்குச் சரியான பதில் தெரியும். மருத்துவர் பேசும்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் கண்ணை எடுத்தால், அண்ணன் முகத்தில் ஒரு குழியை உண்டாக்கியவன் என்று வாழ்நாள் முழுக்க ஊர் தன்னைப் பார்க்கும். குழியில்லாமல் வீடு திரும்பினால் விபத்து என்று சொல்லிக்கொள்ளலாம். இவ்வளவும் ஒரு மூச்சில் அவன் மனதில் ஓடியது.

"இருக்கட்டும். எதுக்கு அவசரப்படணும்?" என்றான்.

ஃபெஸ்டி கண்ணோடு வீடு வந்தான். ஒற்றைக் கண்ணோடு மாடு கறந்தான், வேலி கட்டினான். ஏழு வாரம் எதுவும் ஆகவில்லை. மலக்கி அந்த ஏழு வாரமும் நன்றாகச் சாப்பிட்டான். ஜூலைக் கடைசியில் வைக்கோல் புரட்டும்போது வெயில் குத்துகிறது என்று ஃபெஸ்டி தொப்பியை இறக்கிக்கொண்டான். இரண்டு நாள் கழித்து, அடுப்பு ஏன் இப்படிப் புகைகிறது என்று கேட்டான். அடுப்பு புகையவில்லை.

குத்துப்பட்ட கண்ணை அப்போது எடுத்து, அந்தக் குழியில் கண்ணாடிக் கண் பொருத்தினார்கள். காலம் கடந்துவிட்டது. கிறிஸ்துமஸ் வந்தபோது ஃபெஸ்டிக்கு ஜன்னல் இருக்கும் திசைகூடத் தெரியவில்லை.

முதல் குளிர்காலம் அவன் இடுக்கிக்கு முன்னால் உட்கார்ந்து விரலாலேயே கட்டிப் பார்த்தான். முள் குத்தியது. நூல் கை நழுவி மேசைக்கடியில் ஓடியது. பன்னிரண்டு நாள் முயன்றுவிட்டு இடுக்கியை மலக்கி பக்கம் தள்ளினான். "நீ கட்டு. என்ன செய்றேன்னு சொல்லிக்கிட்டே கட்டு" என்றான். மலக்கி கட்டினான். நூல் எத்தனை சுற்று, இறகு என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். முடித்ததை ஃபெஸ்டி நகத்தால் தடவிப் பார்த்து, "தலை தடிப்பு" என்று திருப்பிக் கொடுப்பான். அந்த ஈக்களைக் கொண்டு யாரும் மீன் பிடிக்கவில்லை. மலக்கி அன்றைக்குப் பிறகு கோலைத் தொடவே இல்லை. வருடா வருடம் பெட்டிகள் நிறைந்தன.

கட்டும்போது பேசவேண்டிய பேச்சு அவ்வளவும் பேசினான், ஒன்றைத் தவிர. ஊரில் அவனுக்கு நல்ல பெயர். கண்ணில்லாத அண்ணனை இப்படிப் பார்த்துக்கொள்கிறானே என்று சர்ச்சில் பூசை முடிந்து வரும் பெண்கள் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவன் நடையை எட்டிப் போடுவான்.

பதினோராம் வருடம் மார்ச்சில் ஃபெஸ்டி நெஞ்சில் சளி கட்டிப் படுத்தான். ஒரு மதியம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த மலக்கி கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் உனக்காகச் சொல்லல, ஃபெஸ்டி. எனக்காகச் சொன்னேன்."

"தெரியும்."

"எப்பத்திலேருந்து?"

"அப்பவே. கண்ணை எடுத்துக்கிறதுக்கு எனக்குப் பயம். டாக்டர் எடுக்கத்தான் சொன்னாரு. நீ அப்படிச் சொல்லமாட்டேன்னு தெரிஞ்சுதான் உன்னைக் கேட்டேன்."

மலக்கிக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் கோபம் ஏறியது. "பதினோரு வருஷமா இதைச் சொல்லாம என்னை இந்த மேசையில கட்டிப்போட்டிருந்தியே" என்றான்.

"சொன்னா நீ போயிடுவேன்னு நினைச்சேன்" என்றான் ஃபெஸ்டி. பிறகு, கஞ்சி ஆறுகிறது என்றான்.

மலக்கி மீதியையும் ஊட்டினான். அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பேசவில்லை. மற்றப் பேச்சும் குறைந்தே போனது. அந்த வருடம் குளிர்காலம் வருமுன்பே ஃபெஸ்டி செத்துப்போனான். உடலைக் குளிப்பாட்ட வந்த டீலியா, கண்ணாடிக் கண்ணை எடுக்கலாமா விடலாமா என்று கேட்டாள். மலக்கி எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான். அவளே ஒன்றைச் செய்தாள். என்ன செய்தாள் என்று அவன் கேட்கவில்லை.

அவன் இன்னும் ஒன்பது வருடம் இருந்தான். ஒவ்வொரு மே மாதமும் படகுத்துறையில் போய் நின்று, மீன் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களிடம் கண்ணாடி போட்டுக்கொண்டு போகச் சொல்லுவான். சிலர் தலையாட்டுவார்கள். டப்ளினிலிருந்து வந்த ஒருவர், தனக்குப் பார்வை நன்றாகவே இருக்கிறது என்று சிரித்தார். மலக்கி வற்புறுத்தவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டு, படகைக் காலால் தள்ளிக் கொடுத்தான்.