ஊசிக்குச் சொந்தக்காரப் பாப்பா

எங்கள் கண்டெய்னர் யார்டில் என் அக்கா புருஷனைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். பேலை, அதாவது கம்பி போட்டு இறுக்கிய சரக்குக் கட்டை, குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி எப்போதும் அவர் தோளில் தொங்கும். கையுறை கொடுத்தால் பின்பாக்கெட்டில் செருகிக்கொள்வார். கட்டுக்கம்பியில் மாட்டிக் கிழிகிறதாம். சரியான வாயாடி. அவர் டீக்கடையில் நின்றால் எங்கள் கையில் டீ ஆறிப்போகும், சிரித்து முடித்தால்தானே குடிக்க!

கஸ்டம்ஸ் ஆபீசர் கைகாட்டுகிற பெட்டியைத் திறந்து சரக்கை இழுத்துப் போடுவது எங்கள் வேலை. அன்றைக்கு வந்த பெட்டிக்குக் காகிதத்தில் பிளாஸ்டிக் கழிவு என்று போட்டிருந்தது. உருக்கி வாளி, குடம் செய்கிற சரக்கு, அது நாட்டுக்குள் வரலாம். முன்வரிசை முழுக்கக் கழுவிய பாட்டில்கள், பளபளவென்று. ஆபீசர் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"நடுவுல ஒண்ண உருவுய்யா" என்றார்.

மச்சான் ஒரு பேலை இழுத்துப்போட்டுக் கம்பியை வெட்டி உள்ளே கையை விட்டார். "ஸ்ஸ்" என்று வெளியே எடுத்தார். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு ஊசி தொங்கிக்கொண்டிருந்தது. பேல் சரிந்தது. ரத்தம் காய்ந்த டியூப், பஞ்சு, சிரிஞ்சு, குளுக்கோஸ் பை.

சரக்கை எடுக்க வந்த ஏஜெண்டு கூசாமல் கேட்டான்: "சார், இதுவும் பிளாஸ்டிக்தானே?"

"அப்ப அதுல தண்ணி ஊத்திக் குடி, பாப்போம்" என்றார் ஆபீசர். காகிதத்தில் இருந்த பெயரை அடித்துவிட்டு மருத்துவமனைக் கழிவு என்று எழுதினார். அந்தப் பெயர் விழுந்தால் சரக்கு உள்ளே நுழைய முடியாது, அனுப்பினவன்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டிக்குச் சீல் வைத்து யார்டு மூலையில் தள்ளினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "இது யாருக்குப் போட்ட ஊசி? அவங்க ரத்தத்தைப் பாத்துட்டா பாதி பயம் போயிரும்."

"கப்பல்ல வந்துச்சும்மா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். தடுப்பு மாத்திரை கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றார்.

மச்சான் நேரே ஆபீசரிடம் போனார். பெட்டியை மறுபடி திறந்து எந்த ஆஸ்பத்திரி என்று பார்க்க முடியுமா என்று கேட்டார். "சீல் வச்சதை நான் தொடக் கூடாது. தொட்டாலும் அத்தனை ஊசியில உன் ஊசி எதுன்னு சொல்லுவ?" என்றார் அவர்.

அதற்குப் பிறகு மனுஷன் தானே முடிவு கட்டிக்கொண்டார்.

"மாப்ள, அது சின்ன ஊசி. ஏதோ பாப்பாவுக்குப் போட்டதாத்தான் இருக்கும். சளிக் காய்ச்சலா இருந்திருக்கும். இந்நேரம் ஓடி விளையாடுவா. அவ நல்லா இருந்தா நானும் நல்லா இருப்பேன்."

எனக்கு எரிச்சல். "ஆமா, பள்ளிக்கூடத்துல மொத மார்க்கு."

"எங்க, கணக்குல கோட்டை விட்டிருப்பா."

தினமும் அந்தப் பெட்டியைத் தாண்டும்போது கொக்கியால் கதவை லேசாகத் தட்டுவார். அக்கா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே சோறு போடும்போது, "உங்க பாப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்க ஆரம்பித்தாள். வேறு ஊரில் வேலை பார்க்கிற சொந்த மகனைப் பற்றிக்கூட அந்த வீட்டில் அவ்வளவு பேச்சு நடந்ததில்லை.

இழுபறி முடிந்து அனுப்பின நாடு பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. டிரெய்லர் கிளம்பியபோது மச்சான் கேட் வரைக்கும் கூடவே நடந்தார். "பத்திரமாப் போய்ச் சேரு" என்றார். இரும்புப் பெட்டியிடம்.

கடைசிச் சோதனை முடிவு வாங்க நாங்கள் மூவரும் போனோம். கல்லீரலைப் பிடிக்கிற கிருமி வந்துவிட்டது. சீக்கிரமே தெரிந்ததால் மருந்தில் சரிப்படுத்தப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தார்.

"எனக்கு மருந்து தர்றேன்னுட்டாங்க மாப்ள. பாப்பாவுக்கு?"

எதற்கும் குதர்க்கம் பேசுகிறவன் நான். அன்றைக்கு அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்காதான் சொன்னாள்: "அவளுக்கும் குடுப்பாங்க. பெரிய நாடு."

"அவங்களுக்குத் தெரியணுமேடி." சொல்லிவிட்டு, வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஆபீசர் மேஜை முன்னால் போய் நின்றார். "அந்த நாட்டுக்கு ஒரு கடுதாசி போடுங்க சார். அங்க ஒரு பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல. வீட்டுல இன்னும் தெரியாம இருக்கும்."

ஆபீசர் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார்.

"யாருக்குன்னு எழுதுவேன், கொக்கி?"

மச்சான் வெளியே வந்து பின்பாக்கெட்டிலிருந்த கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு எங்களோடு டீக்கடைக்கு நடந்தார். அன்றைக்கு எல்லோரும் டீயைச் சூடாகவே குடித்தோம்.