சுவருக்குப் போகும் முகம்

என் காலத்துக்குப் பின் மாலையிட்டு மாட்டவேண்டிய படத்தை நானே எடுத்துவைக்க எண்ணி, இன்று அவிநாசி சாலையிலுள்ள ஸ்டுடியோவுக்குச் சென்றேன்.

அச்சிட்டு வந்த படத்தில் திருநீறும் இல்லை, முகச் சுருக்கமும் இல்லை. வாழ்நாளில் நான் அணிந்திராத கோட்டு மட்டும் இருந்தது.

“யாருங்க தம்பி இவரு?” என்றேன்.

“நீங்கதானுங்க சாமி!” என்றார் ஸ்டுடியோக்காரர். “கம்ப்யூட்டர்ல கோட்டுப் போட்டுட்டனுங்க. சுருக்கத்த விட்டா வயசான மாதிரி தெரியுமுங்களே!”

“செத்தவனுக்கு வயசாயிருக்கக் கூடாதுங்களா?”

இவ்வுடலே ஈசன் எனக்கு இட்ட வேடம். அதன்மேல் இன்னொரு வேடத்தை ஏற்கமாட்டேன். திருநீற்றோடு மறுபடி எடுக்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டுச் சுவரில் கோட்டணிந்து நிற்பவர் மெய்யாகவே உங்கள் தாத்தாதானா? பார்த்துச் சொல்லுங்கள்.