அணைக்கக் கூடாத மெஷின்

என் தம்பி வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன். வீட்டை அல்ல, சைக்கிளை அல்ல, சிந்தசைசரை. ஆர்மோனியம் மாதிரி கட்டைகளை அழுத்தினால் மின்சாரத்திலிருந்தே சத்தத்தை உண்டாக்குகிற அந்தப் பெட்டிகள் இரண்டு வைத்திருந்தான். ரெக்கார்டிங் ஸ்டுடியோ, மேடைக் குழு என்று யார் கூப்பிட்டாலும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவான். கேட்ட சத்தம் வரும்வரை உட்கார்ந்து குமிழ்களைத் திருகிக்கொண்டே இருப்பான். அதனால் குழுக்காரர்கள் அவனுக்குத் திருகாணி என்று பெயர் வைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

அவனுக்குப் புத்தகப் பைத்தியம் வேறு. வெளிநாட்டு இசைக்கருவிப் பத்திரிகைகள், அட்டை கிழிந்து, மாதங்கள் கடந்து, பழைய பேப்பர் கடைக்கு வந்து சேரும். கடைக்காரர் அவனுக்கென்று எடுத்து வைப்பார். சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் அதுதான் விரிந்து கிடக்கும். தான் கண்ணால்கூடப் பார்க்கப் போகாத மெஷின்களைப் பற்றி, பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி பேசுவான். “அக்கா, அதோட டிஸ்பிளேவே பச்சைக் கலர்!” என்பான். “சோறு ஆறுதுடா” என்பேன் நான்.

நான் பக்கத்து அறையில் தையல் மெஷின் போட்டிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வீட்டில் என் வாயை அடக்கக்கூடிய ஒரே ஆள் தம்பியின் மனைவி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். யாரும் கையில் போனை வைத்துக்கொண்டு திரியாத காலம் அது. வெளியூர்க்காரரிடம் பேச வேண்டுமானால் அவளைப் போன்றவர்கள் இணைப்புக் கொடுத்தால்தான் உண்டு. தெருவே அவளை எக்ஸ்சேஞ்ச் என்றுதான் கூப்பிட்டது. நல்ல கணீர்க் குரல். “அண்ணி, உங்க தம்பியக் கட்டினதுக்கு ஒரு டிரங்குப் பெட்டியக் கட்டியிருக்கலாம். தட்டினாலாவது சத்தம் வரும்” என்பாள், அவன் காதில் விழும்படியே. அவன் பக்கத்தைப் புரட்டுவான்.

அவள் குரல் கரகரக்க ஆரம்பித்தபோது நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்கக் கத்தினால் தொண்டை கட்டாமல் என்ன செய்யும்? கடைசியில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். குரல்வளையில் கட்டி. குரல்வளையோடு சேர்த்து எடுத்தாக வேண்டும். உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் இனிமேல் பேச்சு வராது. ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் தவணை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் எப்போதும்போலக் காய் நறுக்க உட்கார்ந்தாள். தம்பி பத்திரிகைக் கட்டைப் பிரித்துப் போட்டு எதையோ தேடினான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பத்திரிகைகளை அடுப்பில் வைத்திருப்பேன். “பொண்டாட்டிக்குக் குரல் போகப்போகுது, உனக்குப் படிப்பு கேக்குதா?” என்றேன்.

“அதுக்குத்தான் தேடறேன்” என்றான்.

அவனிடம் மூன்றாவதாக ஒரு பெட்டி இருந்தது. சாம்ப்ளர். ஒரு ஸ்டுடியோ வேண்டாமென்று கழித்ததை வாங்கி வந்திருந்தான். மைக்கில் எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் விழுங்கி வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தினால் திரும்பக் கக்கும். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் நாய் குரைப்பதை அதில் ஏற்றிப் பாட்டு வாசித்ததாகப் பத்திரிகையில் போட்டிருந்தது. இவன் தன் மனைவியின் பேச்சை ஏற்றப் போகிறானாம். ஒரு கட்டைக்கு ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கட்டையை அழுத்திப் பேசிக்கொள்ளலாம்.

“நாயும் நானும் ஒண்ணா?” என்றாள் அவள். ஆனால் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்தப் பெட்டிக்கு வயிறு சின்னது. நல்ல குரலாக வேண்டுமென்றால் மொத்தமே சில வினாடிதான் கொள்ளும். கூடுதலாக வார்த்தை வேண்டுமென்றால் குரலின் தெளிவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். தம்பி கூடுதல் வார்த்தை பக்கம். “ஆத்திர அவசரத்துக்கு வேணுமில்ல?” என்றான்.

“எனக்குக் கொஞ்சம் வார்த்தை போதும். ஆனா அது நானா இருக்கணும்” என்றாள் அவள்.

எந்த வார்த்தை என்பதில் அடுத்த சண்டை. அவன் ‘தயவுசெய்து’, ‘நன்றி’, ‘மன்னிக்கவும்’ என்று ஆரம்பித்தான். “இதையெல்லாம் நான் வீட்ல என்னிக்குச் சொல்லியிருக்கேன்? தெரிஞ்சவங்க கேட்டா யாரோன்னு நினைப்பாங்க” என்று தள்ளிவிட்டாள். அவளாகவே சொன்னாள்: யாரு, இந்தா, வேண்டாம், சும்மா இருங்க, சாப்பிட்டீங்களா, வலிக்குது, அண்ணி இங்க வாங்க, போய்யா. போய்யாவுக்கு ஒரு முழுக் கட்டையா என்று தம்பி தயங்கினான். “அது இல்லாம நான் எப்படிக் குடும்பம் நடத்துறது?” என்றாள்.

ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, என்னைத் தையலை நிறுத்தச் சொல்லி, சாயங்காலம் முழுக்க எடுத்தார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சுப் பிடித்து, இருமல் வந்தால் நிறுத்தி, மறுபடி. வியர்வையில் அவள் ரவிக்கை நனைந்துவிட்டது. முடிந்ததும் தம்பி ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் காட்டினான். கரகரப்போடு இருந்தாலும் அவளேதான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அதை டிஸ்கில் பதிய வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் டிஸ்க் போடுகிற வாய் ஒன்று உண்டு. தம்பி டிஸ்கைப் போட்டான். கர்ர் என்றது, பிழை என்று காட்டியது. மறுபடி போட்டான், மறுபடி பிழை. உள்ளே சுற்றுகிற ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றான். டிஸ்கில் ஏறாதவரை அவள் குரல் அந்தப் பெட்டியில் மின்சாரம் ஓடுகிற வரைக்கும்தான். ஒரு நொடி நின்றாலும் எல்லாம் துடைத்தாற்போலப் போய்விடும். “அணைக்காம இருந்தா போதும்” என்று சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினான்.

“எதுக்கும் டேப்ல ஒரு தடவை எடுத்து வச்சுடேன்” என்றேன்.

முகத்தைச் சுளித்தான். “டேப்பா? ஒரே இரைச்சல். அவ குரல் மேல மண்ணைக் கொட்டின மாதிரி இருக்கும்.” அந்தப் பத்திரிகைகள் கற்றுக்கொடுத்த சுத்தம் அது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

விடிந்ததும் அவளுக்கு மூச்சு முட்டியது. கட்டி வீங்கி வழியை அடைத்துவிட்டது. உதடு நீலம் பாரித்தது. கிடைத்த வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் கழுத்துக்குக் கீழே துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். உயிர் தப்பியது. டாக்டர் வெளியே வந்து, “இப்படியே ஆபரேஷனுக்குப் போயிடலாம். இனி பேச வைக்க முடியாதும்மா” என்றார்.

அவள் அம்மா வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பி சுவரோரம் நின்றான், முகத்தில் ஈ ஆடவில்லை. “அக்கா, மெஷின் ஆன்ல இருக்கு” என்றான். அவ்வளவுதான், இரண்டு பேரும் வீட்டுக்கு ஓடினோம்.

பெட்டி எரிந்துகொண்டுதான் இருந்தது. தம்பி அதை அணைக்காமலே மூடியைக் கழற்றினான். தொடக்கூடாத இடத்தில் கைபட்டு ஒருமுறை தூக்கிப் போட்டது. “ஐயோ கடவுளே!” என்று நான் அலறினேன், அவன் கையை உதறிவிட்டு மறுபடி குனிந்தான். பெல்ட் இளகிப் பிசின் மாதிரி விரலில் ஒட்டியது. என் தையல் பெட்டியிலிருந்த எலாஸ்டிக்கை அளவாக வெட்டித் தைத்துக் கொடுத்தேன். சுற்றியது, பிறகு வழுக்கியது. பிழை. இன்னும் இறுக்கித் தைத்தேன். மறுபடி பிழை.

அப்போதுதான் விளக்கு மங்கியது. சாம்ப்ளரின் சின்னத் திரையும் நடுங்கியது. வாசலுக்கு ஓடினேன். தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. லைன்மேன் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணா, நிறுத்திடாதீங்க! புண்ணியமாப் போகும்!”

“எண்ணெய் கொதிக்குதும்மா. வெடிச்சா தெருவே போயிடும்.”

“எங்க வீட்ல ஒரு மெஷின் ஓடுது. எங்க தம்பி பொண்டாட்டி குரல் அதுலதான் இருக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புத்தி பேதலித்தவள் என்று நினைத்திருப்பார். நான் மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். “தெருவுல நிக்கிறவங்கள எல்லாம் உள்ள போகச் சொல்லிட்டு வர்றேன். அதுக்கு மேல என்னால முடியாது. ஓடுங்க.”

வீட்டுக்குள் தம்பி இன்னும் திருப்புளியோடு குனிந்திருந்தான். “விடுடா அதை! கரண்டைப் புடுங்கப் போறாங்க. டேப்ல எடு!”

“இன்னும் ஒரே ஒரு சுத்து, அக்கா. ஏறிடும்.”

“ஏறாது!”

“டேப்ல எடுத்தா இரைச்சலா...”

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆவேசம் வந்ததோ தெரியவில்லை. அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிமிர்த்தினேன். “இரைச்சலாம் இரைச்சல்! அவ இத்தனை வருஷமா எக்ஸ்சேஞ்சுல எதுக்குள்ள உக்காந்து பேசினாடா? ஊரே அவ குரலை இரைச்சலோடதான் கேட்டுச்சு! யாராவது அவ இல்லன்னு சொன்னானா?”

திருப்புளி கீழே விழுந்தது. அலமாரியிலிருந்து டேப் ரெக்கார்டரை இழுத்தான். கேபிளைத் தேடினான். வீட்டிலிருந்த ஒரே கேபிளுக்குத் தலை பெரிது, டேப் ரெக்கார்டரின் துளை சிறிது. டார்ச்சிலிருந்த பேட்டரிகளைப் பிடுங்கி நான் அதில் போட்டேன். “ஸ்பீக்கர் முன்னாடி வச்சுத் தொலைடா!” என்று கத்திக்கொண்டே பதிவு செய்கிற இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்தினேன்.

அவன் வாசிக்க ஆரம்பித்தான். யாரு. இந்தா. வேண்டாம். அவசரத்தில் ஒரே கட்டையை இரண்டு முறை அழுத்தினான். சும்மா இருங்க, சும்மா இருங்க. அதைக் கேட்டதும் அவன் உடைந்துவிட்டான். சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதான், அழுதுகொண்டே அடுத்த கட்டையைத் தேடினான். கண்ணீரில் கட்டை தெரியவில்லை போலிருக்கிறது. “இரு... போயிடாத... இதோ, இன்னொண்ணு இருக்கு... என்னை விட்டுட்டுப் போயிடாத...” யாரிடம் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் “சீக்கிரம்டா, சீக்கிரம்டா” என்று அவன் முதுகில் குத்தினேன். சாப்பிட்டீங்களா. வலிக்குது. அண்ணி இங்க வாங்க.

போய்யா வருவதற்குள் விளக்கு அணைந்தது.

அவன் அந்தக் கட்டையை அழுத்தினான். மறுபடியும் அழுத்தினான். பிளாஸ்டிக் டொக் என்றது, அவ்வளவுதான். நான் அவன் கையைப் பிடித்து எடுத்துவிட வேண்டியிருந்தது. பிறகு டேப்பைப் பின்னால் ஓட்டிக் கேட்டோம். இருந்தது. இரைச்சலுக்கு நடுவே, நாங்கள் இருவரும் போட்ட கூச்சலுக்கு நடுவே, அவள் இருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அவள் கண்ணைத் திறந்து பார்க்கத் தொடங்கிய பிறகும் தம்பி டேப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சுத்தம் செய்து கொடுக்கப் போகிறானாம். அவள் அவனைப் பார்த்துக் கட்டை வாசிப்பது போல் விரலை ஆட்டிக் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எல்லாம் போய்விட்டது என்று நினைத்து அவள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் டேப் ரெக்கார்டரைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போய் அவள் மடியில் வைத்தேன். “கேளு. கொஞ்சம் போயிடுச்சு, மிச்சம் இருக்கு” என்றேன். தம்பி என்னை முறைத்தான்.

அவள் பட்டனை அழுத்தினாள். யாரு. இந்தா. வேண்டாம். யாரோ ஒருத்தியின் குரலைக் கேட்பதுபோல அசையாமல் கேட்டாள். பிறகு அவன் அழுகை வந்தது. அவள் புருவம் சுருங்கியது. போயிடாத, போயிடாத என்று அவன் கெஞ்சுவதும், வலிக்குது என்று அவளே பதில் சொல்வதும் ஓடி முடிந்தது.

அவள் டேப்பைப் பின்னால் ஓட்டினாள். ‘சாப்பிட்டீங்களா’வைத் திரும்பக் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அவன் உடைந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி ஓடவிட்டாள். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை.

தம்பிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “அதையெல்லாம் எடுத்துடறேன்” என்று முணுமுணுத்தான். “பெல்ட்டை மாத்திட்டு, இதிலிருந்து உன் குரலை மட்டும் சுத்தமாப் பிரிச்சு, என் சத்தத்தை வெட்டிட்டு...”

அவள் எட்டி அவன் சட்டையைப் பிடித்தாள். கட்டுப் போட்ட கழுத்தோடு முகத்தை அவனருகே கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாக, சத்தமே இல்லாமல் வாயை அசைத்தாள்.

“வெட்டுனீங்க, கையை ஒடிச்சிடுவேன்.”