மாமா ஏறிய பெட்டி

அயனம்பாக்கத்து ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கூட்டம் என்றால் என்ன தெரியும்? சாயங்காலம் மாடுகள் தண்ணீருக்கு இறங்குமே, அதுதான் எனக்குக் கூட்டம். அப்படிப்பட்டவளை, வெள்ளைக்காரன் ஜப்பான்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு பங்குனி வெயிலில், ராயபுரத்து அத்தை வீட்டில் அப்பா கொண்டுபோய் விட்டார். அத்தைக்குப் பிள்ளை குட்டி இல்லை. கொஞ்ச நாள் வைத்திருக்கிறேன் என்று அவள்தான் ஆசையாகக் கேட்டாள்.

அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, டிராம் ஓட்டினார். அம்மாடி, அந்த டிராம்! மாடும் இல்லை, புகையும் இல்லை, தலைக்கு மேல் ஒரு கம்பி, அவ்வளவுதான். மாமா காக்கி உடுப்பில் முன்னால் நின்றபடி ஒரு பித்தளைக் கைப்பிடியைச் சுழற்றுவார். காலால் மிதித்தால் டங் டங்கென்று மணி அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு ஜட்கா ஒதுங்கும், ரிக்‌ஷா ஒதுங்கும், மீன்கூடைக்காரி திட்டிக்கொண்டே ஒதுங்குவாள், தொப்பி போட்ட துரைகூட ஒதுங்குவார். எங்கள் ஊர்க் கர்ணத்துக்கே யாரும் இப்படி வழிவிட்டு நான் பார்த்ததில்லை. பட்டணத்துக்கு ராஜா என் மாமாதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஒருநாள் காலையில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு போகும்போது தெரு கொள்ளாத ஜனம். தலையில் கட்டில், கையில் கோழிக்கூண்டு, வண்டியில் தையல் மிஷின், சாமி படம், சுருட்டின மெத்தை. ஒரு பெரிய மனுஷர் அம்மிக்கல்லை இடுப்பில் அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க நடந்தார். எல்லாரும் ஒரே திக்கில் போனார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"எந்தச் சாமிக்கு மாமா திருவிழா?"

"ஜப்பான் சாமிக்குக் கண்ணு. ஆகாசத்துலர்ந்து வரும்."

டிராமில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் வாயையும் மூடிக்கொண்டார்கள். நான் நம்பினேன். பட்டணத்துச் சாமிக்கு அம்மிக்கல் நேர்ந்துகொள்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் அன்றைக்குப் பெரிய சண்டை. குண்டு போடப் போகிறான், ஊரைக் காலி பண்ணு என்று தண்டோரா போட்டாகிவிட்டது. மாமா அத்தையை என்னோடு எங்கள் ஊருக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் இருக்கப் பார்த்தார்.

"ஊரே ஓடுது. டிராமும் நின்னுட்டா கெழவன் கெழவியெல்லாம் டேசனுக்கு நடந்தா போவும்?" என்றார்.

"அப்ப நானும் இங்கியே கீறேன். குண்டு வுழுந்தா ரெண்டு பேர் தலைலயும் வுழட்டும்" என்றாள் அத்தை.

மறுநாள் மாமா வந்து, லீவு கொடுத்துவிட்டார்கள், நானும் வருகிறேன் என்றார். அத்தை அவருடைய வேட்டி சட்டையையும் சேர்த்து மூட்டை கட்டினாள். எத்தனை சந்தோஷம் அவளுக்கு! புளிசாதம் கிளறும்போது பாட்டுகூடப் பாடினாள்.

சென்ட்ரல் ஸ்டேஷனை எப்படிச் சொல்வேன்! எங்கள் ஊர்ப் பனைமரத்தை நட்டாலும் முட்டாத கூரை. அதன் கீழே அத்தனை தலைகள், அழுகை, கூச்சல், கரிப்புகை. மாமாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தால் தரையே தெரியவில்லை. குழந்தைகளை ஜன்னல் வழியாக உள்ளே திணித்துக்கொண்டிருந்தார்கள். பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்களா என்ற பிரமிப்பு இன்னும் போகவில்லை.

பெண்களுக்குத் தனிப்பெட்டி. "நீ ஏறு மொதல்ல, நான் பாத்துட்டு ஏறுறேன்" என்று அத்தை பிடிவாதமாக நின்றாள். மாமா முன்னாலிருந்த ஆண்கள் பெட்டியில் ஏறி, வாசலில் தொங்கிக்கொண்டு கையை ஆட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் அத்தை ஏறினாள். நான் ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டேன். அவள் நடுவில் மூட்டைகளுக்குள் சிக்கிக்கொண்டாள்.

பேசின்பிரிட்ஜில் வண்டி நின்றது. பார்த்தால் மாமா இறங்கி என் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறார்! உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். "அத்தைய பாத்துக்கோ கண்ணு" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் திரும்பினார். தண்டவாளத்தை ஒட்டி மூட்டை முடிச்சோடு ஜனம் இந்தப் பக்கமாக வந்துகொண்டிருக்க, அவர் ஒருத்தர் மட்டும் பட்டணத்தைப் பார்த்து நடந்தார். டிராமை எடுத்துக்கொண்டு வந்து நாங்கள் இறங்க வேண்டிய அம்பத்தூரில் எங்களுக்கு முன்னால் நிற்கப்போகிறார் என்று எனக்கு ஒரே குஷி. வாயே திறக்கவில்லை.

பெரம்பூர் தாண்டி, வில்லிவாக்கம் தாண்டி, வயலும் பனையும் வந்தன. பெட்டியில் பாதிப் பேர் அழுதார்கள். அத்தை மட்டும் எல்லாருக்கும் புளிசாதம் கொடுத்து, "எங்க ஊட்டுக்காரரும் வராரு, முன்னால பெட்டில கீறாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் பங்கைத் தனியாக இலையில் மடித்து வைத்திருந்தாள்.

அம்பத்தூரில் அப்பா மாட்டுவண்டியோடு காத்திருந்தார். அத்தை இலைப் பொட்டலத்தோடு ஆண்கள் பெட்டி ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினாள். வண்டி ஊதிக்கொண்டு போய்விட்டது. எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. கைகொட்டிச் சிரித்து, "மாமா பேசின்பிரிட்ஜ்லயே எறங்கிட்டாரே! டிராம்ல வருவாரே!" என்று கத்தினேன். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அத்தை சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. வானத்தில் என்ன சத்தம் கேட்டாலும் கிழக்கே பார்ப்பாள். ஆனால் பயந்த குண்டு விழவில்லை. போன ஜனம் போன மாதிரியே கட்டிலும் கோழியுமாகத் திரும்பிற்று. ஒருநாள் மத்தியானம் ஏரிக்கரை மேல் மாமா வந்தார், கறுத்து இளைத்து, கையில் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு. நான் கூவிக்கொண்டு ஓடினேன்.

களத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்த அத்தை முறத்தோடு எழுந்து வந்தாள். வந்த வேகத்தில் அவரை அடித்தாள். தோளில், முதுகில், முறம் பிய்கிற வரைக்கும் அடித்தாள். அவர் நகரவில்லை. அப்பாவும் தடுக்கவில்லை.

"என்ன வுட்டுட்டு நீ மட்டும் செத்துப்பூடலாம்னு பாத்தியா?" என்று கேட்டு, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஜப்பான்காரனுக்கே தப்பித்து முழுசாக வந்திருக்கிற மனுஷரை இவள் ஏன் அடிக்கிறாள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேரீச்சம்பழம் மண்ணில் சிதறிக் கிடந்தது. இந்த நேரத்தில் அதைப் பொறுக்கலாமா கூடாதா என்று யாரைக் கேட்பது என்பதுதான் அப்போது எனக்கிருந்த கவலை.